இருதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகளின் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும்

பிறவியிலேயே இருதயக் கோளாறுடன் பிறந்து, சிறு வயதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு நலமாக வளர்ந்துவரும் பிள்ளைகளுக்கு, பின்னாளில் சிறுநீரகம் பழுதாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறது. சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இப்படிப்பட்ட பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். மருத்துவமனையில் இருக்கும்வரை பேச்செல்லாம் இருதயத்தைப் பற்றியே இருக்கும். எக்கோ எப்படி வந்திருக்கிறது, ஓட்டை மூடிவிட்டதா, மூச்சு வாங்குகிறதா என்பதுதான் கவலை. சிறுநீரகத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதுவும் வலி, வீக்கம் என்று எதையும் காட்டாமல் பல ஆண்டுகள் அமைதியாக இருந்துவிடும்.

உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 முதல் 10 குழந்தைகளுக்கு ஏதாவதொரு இருதயக் கோளாறு இருப்பதாக உலக அளவில் கணக்கிடப்படுகிறது. நம் வீடுகளில் இதைப் பொதுவாக 'இருதயத்தில் ஓட்டை' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஓட்டை ஒரு வகைதான். இரத்தக்குழாய் குறுகியிருப்பது, வால்வு அடைத்திருப்பது, குழாய்கள் இடம் மாறியிருப்பது, இருதயத்தின் இரண்டு கீழறைகளில் ஒன்று வளராமலே போவது எனப் பல வகைகள் உண்டு. எந்த வகை என்பது சிறுநீரகத்துக்கும் முக்கியம் என்பதால், பிள்ளைக்கு வந்த கோளாறின் சரியான பெயரைப் பெற்றோர் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கோலாலம்பூரில் ஐஜேஎன் எனப்படும் தேசிய இருதயக் கழகம் 1992-ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கியது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் அங்கே அறுவைச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் இன்று 30 வயதைத் தாண்டிவிட்டனர். வேலைக்குப் போகிறார்கள், திருமணம் செய்துகொள்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். முன்பு இந்தக் குழந்தைகளில் பலர் பள்ளி வயதைக்கூட எட்டாமல் இறந்தார்கள். ஆகவே அவர்களுக்கு 30, 40 வயதில் சிறுநீரகம் என்ன ஆகும் என்ற கேள்வியே எழவில்லை. மருத்துவம் முன்னேறியதால் எழுந்த புதுக் கேள்வி இது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

இதற்கு விடை தேடிய ஆய்வுகளில் இரண்டை இங்கே சொல்லலாம். முதலாவது வட அமெரிக்காவில் நடந்தது. இருதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 131 குழந்தைகளை ஐந்து ஆண்டுகள் கழித்து அழைத்துப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. அறுவைச் சிகிச்சை நடந்த சமயத்தில் அவர்களில் 44 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகம் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 17 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. 18 விழுக்காட்டினரிடம் நாள்பட்ட சிறுநீரக நோயின் அறிகுறி தென்பட்டது. இவர்களில் பெரும்பாலோர் அப்போதும் சிறு பிள்ளைகளே.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. அறுவைச் சிகிச்சையின்போது சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் பாதிக்கப்படாத பிள்ளைகளுக்கும் ஐந்தாண்டு முடிவில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. 'எங்கள் பிள்ளைக்கு அப்போது சிறுநீரெல்லாம் நன்றாகத்தான் போனது' என்பதை வைத்துக்கொண்டு பரிசோதனையைத் தவிர்க்க முடியாது என்பதே இதன் பொருள்.

இரண்டாவது ஆய்வு லண்டனில் நடந்தது, 2008-இல் வெளிவந்தது. பிறவி இருதயக் கோளாறுள்ள 1,102 பெரியவர்களின் சிறுநீரகச் செயல்பாட்டை அது கணக்கிட்டது. அவர்களின் சராசரி வயது 36. ஏறத்தாழ 41 விழுக்காட்டினருக்குச் செயல்பாடு சற்றே குறைந்திருந்தது. 9 விழுக்காட்டினருக்கு நடுத்தரமாகவோ கடுமையாகவோ குறைந்திருந்தது. இப்படி நடுத்தரமாகவோ கடுமையாகவோ குறைந்தவர்கள் இறக்கும் அபாயம், சிறுநீரகம் சரியாக இருந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. 36 வயது என்பது குடும்பத்தில் பொறுப்புகள் கூடுகிற வயது.

மலேசிய நிலவரமும் ஆறுதல் தருவதாக இல்லை. நாட்டின் வயது வந்தோரில் நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 9.07 விழுக்காடாக இருந்தனர். 2018-இல் அது 15.48 விழுக்காடாக ஏறியது. நோய் இருந்தவர்களில் அது தமக்கு இருப்பதை அறிந்திருந்தவர்கள் 5 விழுக்காட்டினர் மட்டுமே. டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோர் தொகை 50,000-ஐத் தாண்டிவிட்டது. அதற்கு முதல் காரணம் நீரிழிவு. இருதயக் கோளாறோடு பிறந்த ஓர் இளைஞருக்கு, அம்மா அப்பா வழியாக நீரிழிவும் வந்து சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கமும் அடி.

இருதயக் கோளாறு சிறுநீரகத்துக்கு எப்படிப் போகிறது

இருதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. கைப்பிடி அளவுள்ள உறுப்புக்கு இது மிகப் பெரிய பங்கு. இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய வடிகட்டிகள் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் உள்ளன. அவை தாயின் வயிற்றிலேயே உருவாகி, ஏறத்தாழ 36 வாரத்தில் முடிந்துவிடுகின்றன. பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட முளைப்பதில்லை. இருதயக் கோளாறுள்ள குழந்தைகளில் பலர் குறைமாதத்திலோ குறைந்த எடையிலோ பிறக்கிறார்கள். அவர்கள் குறைவான வடிகட்டிகளுடன் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். சிலருக்கு இருதயத்தோடு சேர்த்துச் சிறுநீரகமும் சரியாக உருவாகாமல், ஒரே ஒரு சிறுநீரகம் இருப்பதும் உண்டு.

அடுத்தது நீலம் பாயும் குழந்தைகள். ஃபாலோட் நான்கு கோளாறு போன்ற வகைகளில் கெட்ட இரத்தமும் நல்ல இரத்தமும் கலந்து ஓடுவதால் உதடும் நகமும் நீலமாகும். பிராணவாயு போதாததால் உடம்பு சிவப்பணுக்களை அதிகமாக உற்பத்தி செய்கிறது; இரத்தம் கெட்டியாகிறது. அந்தக் கெட்டி இரத்தத்தை வடிகட்டும் வேலையில் வடிகட்டிகள் வீங்கித் தழும்பேறுகின்றன. அறுவைச் சிகிச்சை தாமதமாகி எத்தனை ஆண்டுகள் நீலமாக இருந்தார்களோ அந்த அளவுக்குச் சேதமும் கூடும். இந்தப் பிள்ளைகளுக்கு யூரிக் அமிலமும் ஏறும். இருபது வயதிலேயே கால் பெருவிரலில் கௌட் வலி வந்தால், அது சாப்பாட்டினால் மட்டும் வந்ததென்று விட்டுவிடக் கூடாது.

பிறகு அறுவைச் சிகிச்சை. இருதயத்தை நிறுத்தி வைத்துத் திறக்கும்போது, அதன் வேலையை இருதய-நுரையீரல் இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. 1953-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டாக்டர் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண் ஒருவரின் இருதய ஓட்டையை அடைத்தபோது இந்த இயந்திரம் முதன்முதலாக வெற்றி கண்டது. அது இல்லையென்றால் இன்று உயிரோடிருக்கும் பல்லாயிரம் பிள்ளைகள் இல்லை. ஆனால் இரத்தம் குழாய்களின் வழியாகச் சுற்றி வரும்போது சிவப்பணுக்கள் சில உடைகின்றன, உடம்பு முழுக்க ஒரு அழற்சி கிளம்புகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ஓட்டமும் இயல்பாக இருப்பதில்லை. அதன் மேல் தீவிரக் கண்காணிப்புப் பிரிவில் கொடுக்க நேரும் ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லிகளும், ஆஞ்சியோ எடுக்கும்போது செலுத்தும் சாயமும் சேர்கின்றன. உயிரைக் காக்க அவை தேவை. ஒரு முறை என்றால் பெரும்பாலும் சிறுநீரகம் மீண்டுவிடும். இரண்டு, மூன்று, நான்கு அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயலாம்.

ஒரே கீழறையோடு பிறந்தவர்களின் நிலை தனி. பிரான்சின் போர்டோ நகரில் டாக்டர் பிரான்சிஸ் ஃபொந்தான் 1968-இல் முதலில் செய்த அறுவைச் சிகிச்சை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. உடம்பிலிருந்து திரும்பும் இரத்தத்தை இருதயத்தின் வழியாக விடாமல் நேராக நுரையீரலுக்கு இணைத்துவிடுவது அதன் வழி. பம்ப் இல்லாமல் இரத்தம் ஓட வேண்டியிருப்பதால் நரம்புகளில், அதாவது சிரைகளில், அழுத்தம் எப்போதும் உயர்ந்தே இருக்கும். வாய்க்காலின் கடைமடை அடைத்துக்கொண்டால் மேல்மடையில் தண்ணீர் தேங்குவது செகிஞ்சான் வயல்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுபோலச் சிறுநீரகத்திலிருந்து வெளியேற வேண்டிய இரத்தம் தேங்கி நிற்கிறது. கல்லீரலுக்கும் இதே கதிதான். ஃபொந்தான் செய்துகொண்டவர்களுக்கு ஆண்டுதோறும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை

சிறு ஓட்டை ஒன்று மட்டும் இருந்து, ஒரே அறுவைச் சிகிச்சையில் அல்லது காலின் வழியாகக் குழாய் செலுத்தி அடைக்கப்பட்டு, அதன் பின் எந்தச் சிக்கலும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு அபாயம் குறைவு. அவர்களைப் பெற்றவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நீண்ட நாள் நீலமாக இருந்தவர்கள், ஃபொந்தான் செய்துகொண்டவர்கள், மகா தமனி குறுகல் இருந்தவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட முறை நெஞ்சைத் திறந்தவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில நாளாவது டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் ஆகியோரே கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள்.

செய்ய வேண்டிய மூன்று பரிசோதனைகள்

பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. இரத்த அழுத்தம், சிறுநீர், இரத்தத்தில் கிரியேட்டினின் ஆகிய மூன்றையும் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் பெரும்பாலோருக்குப் போதும். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அரசாங்க மருத்துவமனை நிபுணத்துவ கிளினிக்கில் 5 ரிங்கிட். ஆனால் இந்த மூன்றையும் எப்படிச் செய்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்பதில் சில நுணுக்கங்கள் உண்டு.

முதலில் இரத்த அழுத்தம். எந்தக் கையில் எடுப்பது என்பது இந்தப் பிள்ளைகளின் விஷயத்தில் சாதாரணக் கேள்வி அன்று. 1944-இல் பால்டிமோரில் தொடங்கிய பிளேலாக்-டாசிக் இணைப்பு, நீலக் குழந்தைகளுக்கு இன்றும் திருத்தப்பட்ட வடிவில் செய்யப்படுகிறது. கைக்குப் போகும் இரத்தக்குழாயிலிருந்து நுரையீரல் குழாய்க்கு ஓர் இணைப்புப் போடுவது அது. அந்த இணைப்புப் போட்ட பக்கத்துக் கையில் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். மகா தமனி குறுகல் சரிசெய்யப்பட்டவர்களுக்கும் பொதுவாக வலது கையில்தான் எடுக்க வேண்டும். கிளினிக்கில் தாதியருக்கு இந்தப் பழைய கதை தெரிய வாய்ப்பில்லை. பெற்றோர்தான் சொல்ல வேண்டும். எந்தக் கை என்று இருதய மருத்துவரிடம் ஒரு முறை கேட்டு, பிள்ளையின் கார்டிலேயே எழுதி வாங்கிவிடலாம். 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 130/80 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. சிறு குழந்தைகளுக்கு வயதையும் உயரத்தையும் வைத்து வேறு அட்டவணை உண்டு. மகா தமனி குறுகல் இருந்தவர்களுக்கு, குறுகல் நீங்கிய பிறகும் பல ஆண்டுகள் கழித்து அழுத்தம் ஏறுவது சகஜம்.

இரண்டாவது சிறுநீர். குச்சியை நனைத்து நிறம் பார்க்கும் சாதாரணச் சோதனை, அதிக அளவில் புரதம் ஒழுகினால்தான் காட்டும். ஆரம்பக் கட்டத்தில் ஒழுகுவது மிகக் கொஞ்சமான அல்புமின். அதைக் கண்டுபிடிக்க அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் என்ற பரிசோதனையைக் கேட்க வேண்டும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் சிறந்தது. காய்ச்சல் இருக்கும்போதும், கடுமையாக ஓடியாடிய மறுநாளும், பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நாட்களிலும் எடுத்தால் முடிவு தவறாக ஏறும். விகிதம் 3 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். மூன்று மாதத்துக்குள் மறுபடி எடுத்துப் பார்த்து, திரும்பவும் ஏறியிருந்தால்தான் அது கணக்கில் வரும்.

மூன்றாவது கிரியேட்டினின். இதில்தான் ஏமாறும் இடம் அதிகம். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. இருதயக் கோளாறோடு வளர்ந்த பிள்ளைகள் பலர் ஒல்லியாக இருப்பார்கள். தசை குறைவு என்பதால் கிரியேட்டினினும் குறைவாகவே காட்டும். சிறுநீரகத்தின் வேலையில் ஏறத்தாழ பாதி போகும்வரைகூட அந்த எண் 'நார்மல்' எல்லைக்குள்ளேயே நின்றுவிடலாம். தாளில் அச்சாகியிருக்கும் எல்லை பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு: சென்டிமீட்டரில் உயரத்தை 36.5-ஆல் பெருக்கி, கிரியேட்டினின் எண்ணால் வகுப்பது. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள 13 வயதுப் பையனுக்குக் கிரியேட்டினின் 60 மைக்ரோமோல் என்றால் விடை 91, அது நல்லது. அதே பையனுக்கு 80 என்றால் விடை 68 ஆகிவிடும். 80 என்ற எண்ணைப் பெரியவர்களின் எல்லையோடு ஒப்பிட்டால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆகவே பெற்றோர் 'கிரியேட்டினின் எவ்வளவு' என்று கேட்பதோடு நிற்காமல், 'இஜிஎஃப்ஆர் எவ்வளவு' என்று கேட்க வேண்டும். 90-க்கு மேல் நன்று. 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். மிகவும் ஒல்லியான பிள்ளைகளுக்கு, தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி என்ற இரத்தப் பரிசோதனையும் உண்டு. எல்லா இடத்திலும் கிடைக்காது, நிபுணர் தேவைப்பட்டால் அனுப்புவார்.

வலி மாத்திரையும் வெயிலும்

சிறுநீரகம் தேய்ந்தவர்களுக்கு மிகச் சாதாரணமாக வாங்கும் மருந்தே பகையாகிவிடுவதுண்டு. பல்வலி, முதுகுவலி, மாதவிலக்கு வலி என்றதும் போன்ஸ்தான், வோல்தாரென், இபுபுரோஃபென் ஆகியவற்றைப் போட்டுக்கொள்வது நம்மிடையே பழக்கம். இவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். இருதயத்துக்காக ஃப்ரூசிமைட் போன்ற நீர் மாத்திரையும், கேப்டோபிரில், எனலாபிரில் போன்ற மாத்திரையும் ஏற்கெனவே சாப்பிடுகிறவர் அதோடு இதையும் சேர்த்தால் சில நாட்களிலேயே சிறுநீரகம் நின்றுவிடக்கூடும். ஃபொந்தான் செய்துகொண்டு வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இரத்தக் கசிவு அபாயமும் உண்டு. வலிக்குப் பாரசிட்டமோல் சரியான அளவில் போதும். அது கேட்காவிட்டால் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

பாசார் மாலாமில் விற்கும் மூட்டுவலிப் பொடி, 'சகல நோய்க்கும்' என்று வரும் உருண்டை, இணையத்தில் வாங்கும் ஜாமு ஆகியவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டும் வலி மருந்தும் ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எம்.ஏ.எல். என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் வில்லையும் இல்லாத எதையும் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. பதிவு எண் இருந்தாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மேல்.

'நிறைய தண்ணீர் குடி' என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. நீலம் மிச்சமிருக்கும் பிள்ளைக்கு உடம்பில் நீர் வற்றினால் இரத்தம் இன்னும் கெட்டியாகும். அவர்கள் தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். இருதயம் பலவீனமாக இருப்பவருக்கோ மருத்துவர் அளவு வைத்திருப்பார். அதற்கு மேல் குடித்தால் நீர் கோத்துக்கொள்ளும். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை லிட்டர் கணக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். செம்பனைக் குலை வெட்டும் வேலை, வயல் வேலை, லாரியில் மூட்டை ஏற்றும் வேலை ஆகியவற்றுக்குப் போகும் இளைஞர்கள் இதை இன்னும் துல்லியமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்த நாளில் நீர் மாத்திரையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதையும் நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்துவதும் தவறு, தெரியாமல் தொடர்வதும் தவறு.

தோட்டத்திலும் வயலிலும் எலி அதிகம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தால் கால் வெடிப்பு வழியாகக் கிருமி ஏறி, மலாயில் கெஞ்சிங் திக்குஸ் எனப்படும் காய்ச்சலைத் தரும். நல்ல உடம்புக்காரரின் சிறுநீரகத்தையே அது செயலிழக்கச் செய்யும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால், இருதய அறுவைச் சிகிச்சை செய்தவர் என்பதையும் தோட்டத்தில் வேலை என்பதையும் கிளினிக்கில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பற்சொத்தையை அலட்சியம் செய்வதும் சிறுநீரகத்தில்தான் போய் முடியலாம். வாயிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து, தைத்த இடத்திலோ செயற்கை வால்விலோ தங்கினால் இருதய உட்சவ்வு அழற்சி உண்டாகும். அதன் விளைவாகச் சிறுநீரக வடிகட்டிகளும் வீங்கும். இதே காரணத்தால், தைப்பூசத்துக்கு அலகு குத்த நேர்ந்துகொண்டவர்கள் முதலில் இருதய மருத்துவரைக் கேட்க வேண்டும். செயற்கை வால்வு உள்ளவர்களும் நீலம் மிச்சமிருப்பவர்களும் அலகைத் தவிர்த்து, பால்குடம் போன்ற வேறு வகையில் நேர்த்தியை நிறைவேற்றலாம். நெடுநேரம் தண்ணீரில்லாமல் நடப்பதும் அவர்களுக்கு ஆகாது.

சாப்பாட்டில் உப்பைக் குறைப்பதுதான் பெரிய விஷயம். கருவாடு, பெலாச்சான், மெகி, ஊறுகாய் ஆகிய நான்கையும் குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஜெரிங் கொட்டையை இந்தப் பிள்ளைகள் தொடாமலிருப்பது நல்லது. அதிலுள்ள ஓர் அமிலம் சிறுநீர்ப் பாதையில் படிகமாகி அடைத்துக்கொள்ளும். சிறுநீரகம் ஏற்கெனவே கணிசமாகக் குறைந்துவிட்டவர்களுக்கு பெலிம்பிங் எனும் நட்சத்திரப் பழமும் நஞ்சு. விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோய்விடும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

18 வயதில் அறுந்துபோகும் தொடர்பு

சிறு வயதில் தாயும் தகப்பனும் விடுப்பு எடுத்து, சுங்கை பெசாரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் கோலாலம்பூருக்கு அழைத்துப் போனார்கள். பிள்ளை எஸ்பிஎம் முடித்து வேலைக்குப் போனதும் அந்தத் தேதி கார்டு அலமாரியில் போய்விடுகிறது. ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது. உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். இளைஞர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் அந்த இடைவெளியில் நோயாளிகள் தொலைந்துபோவது உலகம் முழுக்க நடப்பதுதான். பீகா பி40 இலவசப் பரிசோதனைத் திட்டம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே. 22 வயதுக்காரருக்கு அது உதவாது. அவரே கேட்டால்தான் உண்டு.

இருதய மருத்துவரைப் பார்க்கும் தேதி இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை என்றாலும், இடையில் சிறுநீரகத்துக்கான மூன்று பரிசோதனைகளை ஊரிலேயே செய்துகொள்ளலாம். சுகாதார கிளினிக்கில் தொடங்கலாம். சபாக் பெர்ணம் தெங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனையும் தஞ்சோங் காராங் மருத்துவமனையும் பக்கத்தில் உள்ளன. முடிவு சரியில்லை என்றால் அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை அல்லது செலாயாங் மருத்துவமனையின் சிறுநீரக நிபுணரிடம் போகலாம். போக்குவரத்துக்கோ மருந்துக்கோ கையில் பணமில்லாதவர்கள் அரசாங்க மருத்துவமனைகளிலுள்ள மருத்துவ சமூகப் பணிப் பிரிவை அணுகலாம். கேட்க வெட்கப்பட்டுச் சிகிச்சையை நிறுத்துபவர்கள் உண்டு. அந்தப் பிரிவு இருப்பதே இதற்காகத்தான்.

திருமணமான பெண்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கேப்டோபிரில், எனலாபிரில், லொசார்டன் போன்ற மாத்திரைகள் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை. ஆனால் கர்ப்பத்தில் சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தில் இருதயத்தின் வேலையும் சிறுநீரகத்தின் வேலையும் கணிசமாகக் கூடுவதால், இரண்டும் எந்த நிலையில் உள்ளன என்பதை முன்கூட்டியே பார்த்துவைப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

வீட்டில் ஒரு ஃபைல் போட்டு வைக்கலாம். கோளாறின் பெயர், செய்த அறுவைச் சிகிச்சைகளின் பெயரும் தேதியும், அந்தச் சமயத்தில் டயாலிசிஸ் செய்தார்களா என்ற குறிப்பு, சாப்பிடும் மருந்துகளும் அளவும், ஒவ்வாத மருந்து, இரத்த அழுத்தம் எடுக்க வேண்டிய கை, ஒவ்வோர் ஆண்டின் கிரியேட்டினின், இஜிஎஃப்ஆர், சிறுநீர் அல்புமின் எண்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மருத்துவமனையில் சுருக்க அறிக்கை கேட்டால் கொடுப்பார்கள். கைப்பேசியில் படமெடுத்து, பிள்ளையின் கைப்பேசியிலும் ஒரு பிரதி வைத்துவிட்டால், வெளியூரில் வேலை செய்யும்போது காய்ச்சல் என்று எந்த கிளினிக்குக்குப் போனாலும் காட்டலாம். ஸ்கேனுக்குச் சாயம் செலுத்தப் போகிறார்கள் என்றாலோ, ஊசி வழியாகக் கிருமிக்கொல்லி கொடுக்கப் போகிறார்கள் என்றாலோ, அந்தப் படத்தை முதலில் காட்டிவிட வேண்டும். இஜிஎஃப்ஆர் எண்ணைப் பார்த்து மருத்துவர் அளவைக் குறைப்பதா, வேறு மருந்து கொடுப்பதா என்று முடிவு செய்வார்.